புதையல் காக்கும் பூதம் எங்கே?

"பூமிக்கு அடியில் போட்டுவிட்டால் கவலை விட்டது, ஸார்!" என்றார் நண்பர்.

அவர் ஓய்வு பெற்ற என்ஜினீயர். மாலை வேளைகளில் என் வீட்டுக்கு வருவார். காபி சாப்பிட்டுக்கொண்டே உலகத்தைச் சீர்திருத்துவோம். அன்று பேச்சு எண்ணெய்க் கையிருப்பைப் பற்றித் திரும்பியது. விசாகப்பட்டினத்திலும் மங்களூரிலும் உடுப்பிக்குப் பக்கத்தில் பாதூரிலும் பாறையைக் குடைந்து, பிரம்மாண்டமான குகைகளில் நம் சர்க்கார் கச்சா எண்ணெயைச் சேமித்து வைத்திருப்பதைப் பெருமையோடு விவரித்தார். மூன்று இடங்களிலும் சேர்த்து 53 லட்சத்து 30 ஆயிரம் டன் கொள்ளும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இயற்கை வாயுவையே இப்படி நிலத்துக்குள் அடைத்து வைக்கிறார்கள் என்றும் சொன்னார்.

"கசியாதா?" என்று நான் கேட்டேன்.

அவர் சிரித்தார். "எழுத்தாளர்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம்! பல கோடி வருஷமாகப் பூமாதேவி காப்பாற்றி வைத்திருந்த சரக்கு, ஸார், அது. அவளிடமிருந்து எடுத்தோம், திரும்ப அவளிடமே கொடுத்து வைக்கிறோம். அவளைவிட நம்பிக்கையான பெட்டகம் ஏது?"

அழகான வாக்கியம். எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன். ஆனால் அழகான வாக்கியங்களை எழுதியே வயிறு வளர்க்கிறவன் நான். ஆகையால் அவற்றின் மேல் எனக்குச் சந்தேகமும் அதிகம். நண்பர் போன பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை. உலகத்தில் எங்கெல்லாம் வாயுவை நிலத்துக்குள் அடைக்கிறார்களோ அங்கெல்லாம் ஏதாவது ஒரு பாஷையில் இதையேதான் சொல்கிறார்கள். 'இயற்கை காத்தது; இனியும் காக்கும்.' இந்த வாக்கியம் ஆபத்தானது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் எதிர்க்கட்சிக்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். நிலத்தடிச் சேமிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளிர் நாடுகளில் கோடையில் வாயு தேவைப்படுவது குறைவு. பனிக்காலத்தில் ஒவ்வொரு வீடும் கணப்புக்காக அதை இழுக்கிறது. குழாயில் வருகிற வாயுவோ வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். மிஞ்சுகிறபோது சேர்த்து வைத்துக் குறைகிறபோது எடுப்பதற்கு ஒரு களஞ்சியம் வேண்டும். 1915-ஆம் வருஷம் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து வெல்லண்ட் என்ற இடத்தில் இதை முதலில் செய்து பார்த்தார்கள். மறு வருஷமே அமெரிக்காவில் பஃபலோ நகருக்கு அருகே இன்னொன்று ஏற்பட்டது. இன்று அமெரிக்காவில் மட்டும் இப்படிப்பட்ட களஞ்சியங்கள் சுமார் 400 இருக்கின்றன.

களஞ்சியம் பெரும்பாலும் மூன்று வகை. எண்ணெயோ வாயுவோ எடுத்து வற்றிப்போன பழைய வயல்களில், மணற்பாறையின் நுண்துளைகளுக்குள் வாயுவைத் திரும்பத் திணிப்பது ஒரு வகை. நிலத்தடி நீர் நிற்கும் பாறைக்குள் நீரை ஒதுக்கித் தள்ளிவிட்டு வாயுவை நிரப்புவது இரண்டாவது. உப்புப் பாறைக்குள் நல்ல தண்ணீரைச் செலுத்திக் கரைத்து, உப்பு நீரை வெளியே எடுத்து, உள்ளே உண்டாகும் குகையில் அடைப்பது மூன்றாவது. அழுத்தம் விழாமல் இருப்பதற்காக ஒரு பங்கு வாயுவை எப்போதும் உள்ளேயே விட்டு வைப்பார்கள். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிக்கிற கெட்டிக்காரனைப் போல. நிலத்தின் மேல் எழுப்பிய தொட்டியை இடி தாக்கும், தீ பிடிக்கும், பகைவன் குண்டு போடுவான். நிலத்துக்குள்ளே காற்று இல்லை. ஆகவே எரிவதற்கு வழி இல்லை. இதெல்லாம் உண்மை. மனமாரச் சம்மதிக்கிறேன்.

பிறகு எங்கே தகராறு?

பூமாதேவி பல கோடி வருஷம் வாயுவைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் அப்போது அவள் மேனியில் ஓட்டை இல்லை! மேலே கெட்டியான மூடுபாறை, கீழே வாயு. இடையில் ஒரு ஊசி நுழைய வழி கிடையாது. அதனால் காப்பாற்றினாள். நாம் போனோம். ஒன்றல்ல, பத்தல்ல, ஒவ்வொரு வயலிலும் நூற்றுக்கணக்கில் துளை போட்டோம். சரக்கை உறிஞ்சினோம். வற்றிய பிறகு அதே துளைகள் வழியாகத் திரும்பவும் வாயுவை அழுத்தி ஏற்றிவிட்டு, 'அவள் பார்த்துக்கொள்வாள்' என்கிறோம். ஜாடி நல்ல ஜாடிதான், ஐயா! மூடிதான் நம்முடையது. அந்த மூடி, ஒரு விரல் கனங்கூட இல்லாத இரும்புக் குழாய். அதற்குப் பல கோடி வருஷ ஆயுள் கிடையாது. நாற்பது வருஷமோ, அறுபது வருஷமோ. மீதியைத் துரு பார்த்துக்கொள்ளும்.

இது என் கற்பனை அல்ல. கலிபோர்னியாவுக்குப் போய்ப் பார்ப்போம்.

லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரத்தின் வட எல்லையில் ஒரு மலைத் தொடர். அங்கே அலிஸோ கான்யன் என்ற பள்ளத்தாக்கில் 1938-இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு, 1970-களின் தொடக்கத்தில் தென் கலிபோர்னியா எரிவாயுக் கம்பெனி அந்த வயலைக் களஞ்சியமாக மாற்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள். எடுத்துப் புழங்கக்கூடிய வாயு மட்டும் 8,600 கோடி கன அடி. அந்த மலையடிவாரத்தில் போர்ட்டர் ரான்ச் என்ற வசதியான குடியிருப்பு வளர்ந்தது. தோட்டமும் நீச்சல் குளமுமாக வீடுகள். அங்கே வீடு வாங்கியவர்களில் பலருக்குத் தலைக்கு மேலே மலையில் என்ன அடைத்து வைத்திருக்கிறது என்பதே தெரியாது. பார்க்க என்ன இருக்கிறது? சில குழாய்கள், சில வால்வுகள், ஒரு வேலி.

2015-ஆம் வருஷம் அக்டோபர் 23-ஆம் தேதி எஸ்.எஸ். 25 என்ற கிணறு கசியத் தொடங்கியது. அது 1953-இல் எண்ணெய்க்காகத் தோண்டிய கிணறு. வாயுச் சேமிப்புக்காகத் தோண்டியதல்ல. ஆழம் 8,700 அடிக்கு மேல். உடைந்த இடமோ மேலிருந்து 892-ஆவது அடியில். மூடுபாறையில் இல்லை, களஞ்சியத்தில் இல்லை, கழுத்தில்! கிணற்றுக்குள் கனமான சேற்றையும் திரவத்தையும் செலுத்தி அடைத்துவிடப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் வாயு அதைத் திருப்பித் துப்பிற்று. கடைசியில் டிசம்பரில் பக்கத்திலிருந்து இன்னொரு கிணறு தோண்டத் தொடங்கி, நிலத்துக்குள்ளேயே பழைய கிணற்றைத் தேடிப் பிடித்து, பிப்ரவரி மாதத்தில் சிமெண்டு போட்டு அடைத்தார்கள். அடைபட்டுவிட்டது என்று அதிகாரிகள் அறிவித்தது 2016 பிப்ரவரி 18-ஆம் தேதி.

அதற்குள் வெளியேறிய மீத்தேன் ஏறத்தாழ ஒரு லட்சம் டன். இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிந்தால் தெரிய வேண்டுமே என்று கலக்கிற துர்நாற்றப் பொருள்தான் ஊரைச் சூழ்ந்தது. தலைவலி, குமட்டல், மூக்கிலிருந்து ரத்தம். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓட்டல்களிலும் வாடகை இடங்களிலும் போய் இருந்தன. இரண்டு பள்ளிக்கூடங்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஜனவரி 6-ஆம் தேதி மாகாண கவர்னர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார். பொங்கி எழும் வாயுவை அகச்சிவப்புக் காமிராவில் படம் பிடித்துக் காட்டிய பிறகுதான், மலைச்சரிவிலிருந்து ஒரு கரிய ஊற்று ஆகாயத்துக்குப் பாய்வதை ஜனங்கள் கண்ணால் கண்டார்கள்.

இதில் எனக்குக் கோபம் மூட்டுவது விபத்து அல்ல. விபத்து யாருக்கும் நேரலாம். விபத்துக்கு முந்தைய நாற்பது வருஷத்துக் கதைதான் கோபம் மூட்டுகிறது.

கிணறு என்றால் இரண்டு குழாய்கள் இருக்கும். வெளியே உறைக்குழாய், அதற்குள்ளே உள்குழாய். வாயுவை உள்குழாய் வழியாக மட்டும் ஏற்றி இறக்கினால், உள்குழாய் உடைந்தாலும் உறைக்குழாய் காப்பாற்றும். எஸ்.எஸ். 25-இல் இரண்டின் வழியாகவும் வாயு ஓடியது. ஒரே வேளையில் நிறைய எடுக்கலாம் அல்லவா? ஆகையால் மலைக்கும் வாயுவுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு இரும்புச் சுவர். ஆழத்தில் ஒரு பாதுகாப்பு வால்வு இருந்தது. 1979-இல் அதை எடுத்துவிட்டார்கள், வேறு போடவில்லை. போட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1988-இல் கம்பெனிக்குள்ளேயே ஒரு யோசனை எழுந்தது: இருபது பழைய கிணறுகளின் உறைக்குழாய்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று சோதிக்கலாம். சிலவற்றைச் சோதித்தார்கள். மற்றவற்றைச் சோதிக்கவில்லை. எஸ்.எஸ். 25 அந்த மற்றவற்றுள் ஒன்று.

சுதந்திரமான நிபுணர்கள் ஆராய்ந்து 2019 மே மாதம் அறிக்கை கொடுத்தார்கள். நிலத்தடி நீர் குழாயை வெளிப்புறத்திலிருந்து தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தில் வளர்ந்த நுண்ணுயிர்கள் இரும்பை அரித்துவிட்டன. இன்னொன்றும் சொன்னார்கள். அந்த வயலில் அதற்கு முன்பே அறுபதுக்கு மேற்பட்ட உறைக்குழாய்க் கசிவுகள் நடந்திருந்தன. ஒன்றையாவது ஏன் கசிந்தது என்று கம்பெனி ஆராயவில்லை!

அறுபது தடவை மூடி ஓட்டையாயிற்று. அறுபது தடவையும் ஒட்டுப்போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். இனி 'இயற்கை காத்தது' என்று யாராவது என்னிடம் சொல்லட்டும்!

"அலிஸோ கான்யன் ஒரு கம்பெனியின் அஜாக்கிரதை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பொருந்தாது" என்று நண்பர் சொல்லக்கூடும். வேறொரு பானையைத் திறப்போம்.

அதற்கு முன் என் ஊர்க் கதை ஒன்று. நான் சிறு பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்குப் பின்னால் களத்துமேட்டில் ஒரு மாடு திடீரென்று மாயமாகிவிட்டது. மேய்ந்துகொண்டிருந்த மாடு, அடுத்த நிமிஷம் அங்கே ஒரு பள்ளம். என்றைக்கோ யாரோ அங்கே இருந்த பாழுங்கிணற்றின் மேல் பனம்பலகையைப் பரப்பி மண்ணைக் கொட்டி இடத்தைச் சமமாக்கியிருக்கிறார்கள். மூடியவரும் செத்துப் போனார். மூடியது தெரிந்தவர்களும் செத்துப் போனார்கள். பலகை மட்டும் மெல்ல மெல்ல உளுத்துக்கொண்டிருந்தது. ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தபோது என் பாட்டி சொன்னாள்: "கெணத்தைத் தூத்துட்டா அது நெலம். பலகை போட்டு மூடினா அது இன்னும் கெணறுதாண்டா. கண்ணுக்குத் தெரியாத கெணறு!"

பாட்டி கான்ஸாஸ் மாகாணத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் வேறு எதுவும் சொல்லியிருக்க மாட்டாள்.

கான்ஸாஸில் ஹட்சின்ஸன் என்ற ஊர் உப்புக்குப் பேர் போனது. அதற்குச் சுமார் ஏழு மைல் தள்ளி யாகி என்ற இடத்தில், 1980-களில் புரொப்பேன் சேமிப்பதற்காக உப்புப் பாறைக்குள் குகைகள் கரைத்தார்கள். வியாபாரம் படுத்தது. கிணறுகளைச் சிமெண்டு போட்டு அடைத்துவிட்டுப் போனார்கள். 1990-களில் வேறு கம்பெனி வந்து, அடைத்த கிணறுகளைத் திரும்பக் குடைந்து திறந்து, இயற்கை வாயுவை ஏற்றியது. குடைந்ததில் ஒரு கிணற்றின் உறைக்குழாய் சேதப்பட்டிருந்தது. 2001 ஜனவரியில் அந்த வழியாக வாயு தப்பியது. கிட்டத்தட்ட 14 கோடி கன அடி! தப்பிய வாயு நேரே மேலே வரவில்லை. விரிசல் விட்ட ஒரு பாறை அடுக்கைப் பிடித்துக்கொண்டு, நிலத்துக்கு அடியிலேயே ஏழு மைல் நடந்து ஊருக்குள் வந்தது.

ஊருக்குள் எப்படி வெளியே வந்தது தெரியுமா? பழைய காலத்தில் உப்பு எடுப்பதற்காகத் தோண்டி, கைவிட்டு, மேலே வீடும் கடையும் கட்டி மறந்துபோன கிணறுகள் வழியாக! ஜனவரி 17-ஆம் தேதி காலையில் கடைவீதியில் இரண்டு கடைகள் வெடித்துச் சிதறின. இங்குமங்குமாக உப்பு நீரும் வாயுவும் நிலத்தைப் பிளந்துகொண்டு நீரூற்றுப்போல் பீறிட்டன. மறுநாள் சக்கர வீடுகள் நிறைந்த ஒரு குடியிருப்பில் வெடித்தது. இரண்டு பேர் மாண்டார்கள். அவர்கள் வாயுக் களஞ்சியத்தின் அண்டை வீட்டார் அல்ல. ஏழு மைலுக்கு அப்பால் இருந்தவர்கள். 'எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்க எல்லா உரிமையும் உடையவர்கள்.

திரவத்தைச் சேமித்தால் மட்டும் என்ன? டெக்ஸாஸில் பிரென்ஹாம் என்ற இடத்தில் ஓர் உப்புக் குகை. அதில் திரவமாக்கிய பெட்ரோலிய வாயு. 1992 ஏப்ரல் 7-ஆம் தேதி குகை கொள்ளளவுக்கு மேல் நிரம்பிவிட்டது. உப்பு நீர் வெளிவரும் குழாய் வழியாகத் திரவமும் மேலே வந்தது, ஆவியானது, மேகம்போல் தரையோடு பரவியது, தீப்பொறி பட்டது. மூன்று பேர் மாண்டார்கள். 21 பேருக்குக் காயம். இங்கே குழாய் உடையக்கூட இல்லை. நிரம்பிவிட்டது என்று சரியான நேரத்தில் சொல்ல ஆளும் கருவியும் இல்லை, அவ்வளவுதான்.

மூன்று இடங்கள். பாறை வேறு, சரக்கு வேறு, காரணம் வேறு. ஆனால் ஓர் ஒற்றுமையைக் கவனியுங்கள். மூன்றில் ஒன்றிலாவது பூமி துரோகம் செய்யவில்லை. கோளாறு எல்லாம் மனிதன் போட்ட துளையில். அந்தத் துளையைக் கவனிக்க வேண்டியவன் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை? கண்ணில் படவில்லை, அதனால் கவனிக்கவில்லை. 'பூமிக்கு அடியில் போட்டுவிட்டால் கவலை விட்டது!'

நம் பாட்டிமார் கதைகளில் புதையல் வரும். எந்தப் புதையலுக்கும் ஒரு பூதம் காவல் இருக்கும். சிறுவயதில் அந்தப் பூதம் எதற்கு என்று எனக்குப் புரிந்ததில்லை. மண்ணுக்குள் போட்டாயிற்றே, காவல் வேறு எதற்கு? இப்போது புரிகிறது. புதைத்து வைத்த பொருளுக்குத்தான் காவல் அதிகம் வேண்டும். மேஜைமேல் இருப்பதைப் போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். புதைத்ததைப் பார்க்க ஒரே ஒரு பூதம்தான் உண்டு. நவீன மனிதன் புதையலை வைத்தான். பூதத்தை வைக்க மறந்தான். அல்லது செலவு பார்த்து விட்டுவிட்டான்.

செலவு என்றதும் என் எதிராளிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். "ஒவ்வொரு கிணற்றையும் வருஷந்தோறும் திறந்து சோதித்தால் கட்டுப்படியாகுமா?" என்பார்கள். கணக்குத்தானே? போடுவோம். 2021 செப்டம்பரில் அலிஸோ கான்யன் வழக்குகளை முடிப்பதற்காக, 35,000-க்கும் மேற்பட்ட ஜனங்களுக்கு 180 கோடி டாலர் வரையில் கொடுக்கக் கம்பெனியும் அதன் தாய்க் கம்பெனியும் ஒப்புக்கொண்டன. ஒரு கிணற்றின் மூடிக்காக! அந்தப் பணத்தில் எத்தனை வால்வு, எத்தனை சோதனை என்று பள்ளிக்கூடப் பையன்கூடக் கணக்குப் போட்டுவிடுவான். சோதனைக்குச் செலவு அதிகம் என்று சொல்கிறவன் உண்மையில் சொல்வது இதுதான்: 'செலவு நிச்சயம், விபத்து சந்தேகம். சந்தேகத்தை அடுத்த வீட்டுக்காரன் தலையில் போட்டுவிடுகிறேன்.'

"நானூறு களஞ்சியங்களில் நாலைந்து விபத்துத்தானே?" என்பது அடுத்த வாதம். எண்ணிப் பார்த்துச் சொல்லும் வாதமாகவே தோன்றும். ஆனால் பார்க்காமல் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் 2016 வரையில் இந்தக் கிணறுகளின் நிலத்தடிப் பாகத்துக்கு மத்திய சர்க்காரின் பாதுகாப்பு விதி ஒன்றுகூடக் கிடையாது. நூறு வருஷம் ஒவ்வொரு மாகாணமும் தனக்குத் தோன்றியபடி பார்த்துக்கொண்டது. அலிஸோ கான்யனுக்குப் பிறகுதான் ஜூன் மாதம் சட்டம் வந்தது. டிசம்பரில் விதிகள் வந்தன. 2017-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தபோது, இயங்கிக்கொண்டிருந்த சேமிப்புக் கிணறுகளில் 2,715 கிணறுகள் சேமிப்புக்காகத் தோண்டப்பட்டவையே அல்ல என்று கண்டார்கள். இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினைந்து எஸ்.எஸ். 25-கள்! எல்லாம் உடைந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. அவை உடையாமல் இருக்கின்றன என்பதற்கு நம்மிடம் இருந்த அத்தாட்சி, அவை இன்னும் உடையவில்லை என்பது ஒன்றுதான். வைத்தியரிடம் போகாதவனுக்கு வியாதியே கிடையாது என்பது போன்ற அத்தாட்சி அது.

"இரட்டைச் சுவர் வைத்தால் வாயுவை வேண்டிய வேகத்தில் எடுக்க முடியாது, நடைமுறைக்கு ஒத்துவராது" என்றும் ஒரு வாதம் உண்டு. இதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, கலிபோர்னியாவே சொல்லிவிட்டது. 2018 அக்டோபரில் அமுலுக்கு வந்த அதன் விதிகள், ஒவ்வொரு சேமிப்புக் கிணற்றிலும் வாயுவுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் இரண்டு தடைகள் இருக்க வேண்டும் என்கின்றன. உறைக்குழாயின் கனத்தைக் குறித்த காலத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்கின்றன. அதே மலை, அதே வயல். நாற்பது வருஷம் முடியாமல் இருந்த காரியம், எண்ணாயிரம் குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடிய பிறகு முடிந்துவிட்டது. அப்படியானால் அது என்றுமே முடியாத காரியமாக இருக்கவில்லை.

இதைவிட வேதனையான சங்கதி ஒன்று உண்டு. அந்த வயலை மூடிவிட வேண்டும் என்று ஊரார் வருஷக்கணக்கில் கேட்டார்கள். 2017 ஜூலையில் குறைந்த அளவில் மீண்டும் வாயு ஏற்ற அனுமதி கிடைத்தது. 2023 ஆகஸ்டில் அந்த அளவை 6,860 கோடி கன அடிக்கு உயர்த்தினார்கள். காரணம் என்ன? நகரத்துக்கு வாயு வேண்டும். மின்சார நிலையங்களுக்கு வாயு வேண்டும். இதை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் பாருங்கள்: களஞ்சியம் ஊருக்கு இன்றியமையாததாக ஆன பிறகு, அதன் தவற்றைத் தண்டிக்கவும் ஊருக்குத் தைரியம் இருப்பதில்லை. ஆகவே நிபந்தனை போட வேண்டியது கட்டுவதற்கு முன்னால். கட்டிய பிறகு கெஞ்சத்தான் முடியும்.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். நம்முடைய குகைகள் வேறு ஜாதி. வாயுவல்ல, கச்சா எண்ணெய். பழைய கிணறுகள் அல்ல, புதிதாகக் குடைந்த பாறை. அவற்றில் கோளாறு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை எப்படி எண்ணெயைக் காக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குகைக்கு இரும்புத் தகடு கிடையாது. சுற்றியுள்ள பாறையின் வெடிப்புகளில் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரின் அழுத்தம் உள்ளே இருப்பதன் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே தண்ணீர் உள்ளே கசியுமே தவிர, எண்ணெய் வெளியே கசியாது. நீரே சுவர்! மேலிருந்து துளைகள் வழியாக நீரைக் குறையாமல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே கசிந்ததை இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. கேட்டபோது வியந்தேன்.

ஆனால் இதுவும் எதைக் காட்டுகிறது? இங்கேயும் காப்பது பாறை மட்டும் அல்ல. பாறையில் நிற்கும் நீர். நீர் நிற்பது அதைக் கொடுக்கிற மனிதன் கையில். நிலத்தடி நீர் மட்டத்தைத் தினம் அளந்து பார்க்கிற ஒருவன் இருக்கும் வரையில்தான் அந்தச் சுவர் சுவராக இருக்கும். நண்பர் சொன்ன பெட்டகத்துக்கு உள்ளேயும் ஒரு காவல்காரன் ராத்திரி பகலாக விழித்திருக்கிறான். அந்த மனிதனை மறந்துவிட்டுப் பூமாதேவியைப் புகழ்வது அவனுக்கு இழைக்கும் அநீதி. நமக்கு நாமே தோண்டும் குழி.

2021 ஜூலையில் நம் சர்க்கார் ஒரிஸாவில் சண்டிகோலிலும் பாதூரிலும் சேர்த்து இன்னும் 65 லட்சம் டன்னுக்குக் குகைகள் அமைக்க ஒப்புதல் கொடுத்தது. வற்றிய வயல்களில் இயற்கை வாயுவையும் சேமிக்கலாமே என்ற யோசனையும் நம் நாட்டில் எழுந்திருக்கிறது. செய்யட்டும். வேண்டிய காரியந்தான். கடல் கடந்து வரும் எண்ணெயை நம்பியிருக்கிற தேசத்துக்குக் கையிருப்பு அவசியம். அவசியம் என்பதாலேயே நான் சில விஷயங்களைக் கேட்கிறேன்.

எதற்காகத் தோண்டினார்களோ அதற்குத்தான் ஒரு கிணறு உதவும். எண்ணெய் எடுக்கத் தோண்டிய பழங்கிணற்றில் ஒற்றைச் சுவரோடு வாயுவை ஏற்றக் கூடாது. நிரப்புவதற்கு முன்னால், பல மைல் சுற்றளவில் உள்ள ஒவ்வொரு பழைய துளையையும் தேடிக் கண்டுபிடித்துத் தூர்க்க வேண்டும். என் பாட்டி சொன்ன அர்த்தத்தில் தூர்க்க வேண்டும், பலகை போட்டு மூடக் கூடாது. சோதிக்கிறவன் கம்பெனியின் சம்பளக்காரனாக இருக்கக் கூடாது. ஒரு சிறு கசிவு நேர்ந்தாலும் ஏன் நேர்ந்தது என்று ஆராய்ந்து எழுதி வைக்க வேண்டும். எழுதியதை ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில், அந்த ஊர்ப் பாஷையில், யார் வேண்டுமானாலும் வந்து படிக்கும்படி வைக்க வேண்டும். பக்கத்தில் வீடு கட்டுகிறவனுக்கு, அஸ்திவாரம் போடுவதற்கு முன்னால், 'உன் காலடியில் இது இருக்கிறது' என்று சொல்ல வேண்டும்.

இதில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. ஒரு கணக்குப் புத்தகமும், அதை மறைக்காத நாணயமும் இருந்தால் போதும்.

சில நாள் கழித்து நண்பர் மறுபடியும் வந்தார். இதையெல்லாம் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். என்ஜினீயர் அல்லவா? இரும்பு அரிக்கும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அப்படியானால் பூமாதேவியை நம்பக் கூடாது என்கிறீர்களா?" என்று கடைசியில் கேட்டார்.

"அவளைத் தாராளமாக நம்பலாம், ஸார்" என்றேன். "அவள் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அவள் ஜாடியைப் பல கோடி வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள். மூடியைப் பற்றித்தான் நான் கேட்கிறேன். மூடி போட்டவன் யார், அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தவன் யார், எந்தத் தேதியில் பார்த்தான்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதி வைத்திருக்கிற இடத்தில் என் பேரப்பிள்ளைகளோடு நான் குடியிருக்கத் தயார். எழுதி வைக்காத இடத்தில் நீங்கள் இருப்பீர்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு, தம்ளரைக் கீழே வைத்தார்.